நாலு தெரு நடந்ததற்கு இரண்டு தீர்ப்பு: பர்மிங்ஹாம், 1963

பர்மிங்ஹாம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது இரண்டு புகைப்படங்கள். ஒன்றில் போலீஸ் நாய் ஒரு பையனின் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. மற்றொன்றில் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் சுவரோரம் ஒண்டி நிற்கும் இளைஞர்களை அறைகிறது. இரண்டும் 1963 மே மாதம் எடுத்தவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள இந்த ஊரின் நிர்வாகம் அந்தப் படங்களோடு உலகத்தின் முன் மானம் இழந்தது. அடுத்த சில வாரங்களில் பதவியும் போனது.

அதற்கு மூன்று வாரம் முன்னால், ஏப்ரல் 10 இரவு, இதே நிர்வாகம் ஒரு நீதிபதியிடம் போய், ஊர்வலங்களுக்குத் தடை போடும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் நாயும் தண்ணீரும் தோற்ற இடத்தில் அந்தத் தாள் ஜெயித்தது. நாலு வருடம் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றமே அதன் பக்கம் நின்றது. போராட்டத்தை அடக்க நினைக்கும் எந்த நகர நிர்வாகத்துக்கும் லத்தியைவிட மனு பயன்படும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்ததே இந்த வழக்கைப் படித்த பிறகுதான்.

ஊரும் அதன் சட்டப் புத்தகமும்

1960 கணக்குப்படி பர்மிங்ஹாமில் சுமார் 3,40,000 பேர். ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். இரும்பு, எஃகு ஆலைகளால் வளர்ந்த ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் அத்தனை குண்டுகள் வெடித்தன. ஒரு குடியிருப்புப் பகுதிக்கே ‘டைனமைட் குன்று’ என்று பேர் விழுந்துவிட்டது.

நகராட்சிச் சட்டங்களைத் தொகுத்த 1944-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் 369-ஆம் பிரிவு, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே உணவகத்தில் சாப்பிட வேண்டுமென்றால் நடுவில் தரையிலிருந்து ஏழடி உயரத்துக்குத் தடுப்பு வேண்டும், தெருவிலிருந்து தனித்தனி வாசல் வேண்டும் என்றது. 597-ஆம் பிரிவு இரு இனத்தவரும் சேர்ந்து சீட்டாடக்கூடாது என்றது. அதே புத்தகத்தில், பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் 1159-ஆம் பிரிவு. ஊர்வலமோ பேரணியோ வேறெந்தப் பொது ஆர்ப்பாட்டமோ நடத்த நகர ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பொதுநலம், அமைதி, பாதுகாப்பு, சுகாதாரம், கண்ணியம், ஒழுங்கு, ஒழுக்கம், வசதி, இவற்றில் எதற்காவது மறுப்பது அவசியம் என்று ஆணையம் ‘கருதினால்’ மறுக்கலாம்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதற்குள் அடங்காத காரணம் ஒன்றை யோசித்துச் சொல்வது கஷ்டம்.

ஆணையம் என்றால் மூன்று பேர். அவர்களில் பொதுப் பாதுகாப்பு ஆணையர் யூஜின் கானர். ‘புல்’ கானர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். வானொலியில் பேஸ்பால் வர்ணனை செய்து பிரபலமாகி அரசியலுக்கு வந்தவர். 1937-இல் முதலில் பதவி ஏற்றார். நடுவில் சில வருடம் தவிர அந்த நாற்காலி அவருடையதுதான். போலீசும் தீயணைப்புத் துறையும் அவர் கையில். பூங்காக்களில் இனப் பாகுபாடு கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னபோது, 1962-இல் நகர நிர்வாகம் அறுபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களை ஒட்டுமொத்தமாகப் பூட்டிவிட்டது. ‘உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்’ என்று குழந்தைகள் சண்டையில் பொம்மையை உடைப்பதுபோல.

எதிர்ப்பக்கத்தில் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வர்த். பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். 1956 கிறிஸ்துமஸ் இரவு அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். அடுத்த வருடம் தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது சங்கிலியால் அடித்தார்கள். 1962-இல் ஒரு கடைக்கு வெளியே நடைபாதையில் நின்றதற்காகக் கைது செய்தார்கள். அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் போய் 1965-இல் அவர் பக்கமே முடிந்தது. மார்ட்டின் லூதர் கிங்கை பர்மிங்ஹாமுக்கு வரச்சொல்லி அழைத்தவர் இவர்தான். கிங்கின் பெயர் பெரிதாகிவிட்டதால் நாம் இவரை மறந்துவிடுகிறோம். நான் சொல்ல வந்த இரண்டு வழக்கிலும் இருப்பவர் இவர்.

அனுமதி கேட்டார்களா?

கேட்டார்கள். ஒரு முறையல்ல.

1963 ஏப்ரல் 3 அன்று இனப் பிரிவினைக்கு எதிரான போராட்டம் தொடங்கியது. நாள் பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஈஸ்டர் ஏப்ரல் 14. கிறிஸ்துமஸை விட்டால் துணிக்கடைகளுக்கு அதுதான் பெரிய சீசன். நகர மையத்துக் கடைகளில் கறுப்பின மக்கள் பொருள் வாங்குவதை நிறுத்தினால் முதலாளிகளுக்கு வலிக்கும். முன்பே தொடங்கியிருக்கலாம், ஆனால் ஊரில் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. தங்கள் போராட்டத்தைக் காட்டியே கானர் ஓட்டு வாங்கிவிடுவார் என்று காத்திருந்தார்கள்.

அந்தத் தேர்தல் ஒரு தனிக் கூத்து. மூன்று ஆணையர் முறையே வேண்டாம், மேயரும் கவுன்சிலும் போதும் என்று 1962 நவம்பரில் ஊர்மக்கள் வாக்களித்திருந்தார்கள். 1963 ஏப்ரல் 2 அன்று நடந்த இறுதிச் சுற்றில் கானர் ஆல்பர்ட் பவுட்வெல்லிடம் தோற்றார். சரி, தோற்றவர் வீட்டுக்குப் போனாரா என்றால் இல்லை. எங்கள் பதவிக்காலம் 1965 வரை இருக்கிறது என்று மூன்று ஆணையர்களும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். பவுட்வெல் ஏப்ரல் 15-இல் பதவி ஏற்றார். அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே கட்டடத்தில் இரண்டு நிர்வாகம். ‘இரண்டு மேயர், ஒரு கிங், தினம் ஒரு ஊர்வலம் உள்ள ஒரே ஊர் எங்கள் ஊர்தான்’ என்று அங்கே அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆக, போராட்டத்துக்குத் தடை வாங்கப் போனவர்கள் மக்கள் நிராகரித்த பிறகும் அதிகாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். தீர்ப்புகளில் இது பெரிதாகப் பேசப்படவில்லை. எனக்கென்னவோ பேசியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். ஏப்ரல் 3 அன்று ஷட்டில்ஸ்வர்த்தின் இயக்கத்தைச் சேர்ந்த லோலா ஹென்ட்ரிக்ஸ் நகர மன்றத்துக்குப் போய் கானரையே பார்த்து, மறியல் செய்ய அனுமதி வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கானர் சொன்ன பதில் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது: அலபாமாவின் பர்மிங்ஹாமில் மறியலுக்கு உங்களுக்கு அனுமதி கிடைக்காது, உங்களை நகரச் சிறைக்குத்தான் மறியல் பண்ணி அனுப்புவேன். இதை இரண்டு தடவை சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து ஷட்டில்ஸ்வர்த் தந்தி அடித்து, நாளும் இடமும் குறிப்பிட்டு அனுமதி கேட்டார். அனுமதி தருவது முழு ஆணையத்தின் பொறுப்பு, நான் ஒருவன் தர முடியாது, நீங்களும் உங்கள் ஆட்களும் மறியல் எதையும் தொடங்கக்கூடாது என்று கானர் பதில் தந்தி அடித்தார். இதில் ஒரு விஷயம். ஊர்வல அனுமதியை நடைமுறையில் முழு ஆணையம் கூடித் தந்ததில்லை. போலீஸ் போக்குவரத்துப் பிரிவு சொன்னால் நகரச் செயலர் எழுதிக் கொடுத்துவிடுவார். இதை நிரூபிக்கப் போராட்டக்காரர்கள் பின்னால் முயன்றபோது, அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு ஜன்னல், இவர்களுக்கு மட்டும் மூன்று பேர் கூட வேண்டிய கதவு.

ஏப்ரல் 10, இரவு

ஈஸ்டருக்கு நாலு நாள் இருக்க, புதன்கிழமை மாலை, நகர அதிகாரிகள் மாநிலத்தின் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். நீதிபதி வில்லியம் ஜென்கின்ஸ் அன்றிரவே, எதிர்த்தரப்பில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்காமல், இடைக்காலத் தடை பிறப்பித்தார். 139 நபர்களும் இரண்டு அமைப்புகளும் அனுமதியின்றி ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ நடத்தக்கூடாது. உத்தரவின் வாசகம் பெரும்பாலும் அந்த 1159-ஆம் பிரிவையே திருப்பிச் சொன்னது. நள்ளிரவுக்கு மேல், கிங்கும் ஷட்டில்ஸ்வர்த்தும் இருந்த காஸ்டன் மோட்டலுக்கு நகல் வந்து சேர்ந்தது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது அப்போது பலருக்குப் புரிந்திருக்காது. நகராட்சிச் சட்டத்தை மீறினால், ‘அந்தச் சட்டமே செல்லாது’ என்று வழக்கில் வாதாடலாம். நீதிமன்ற உத்தரவை மீறினால் குற்றம் வேறு: நீதிமன்ற அவமதிப்பு. அங்கே நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. உத்தரவு தெரிந்திருந்ததா, மீறினாயா? உத்தரவு சரியா என்பது பேச்சிலேயே வராது. செல்லாத சட்டத்தை நீதிபதியின் கையெழுத்தில் முக்கி எடுத்தால் செல்லுபடியாகிவிடும் என்பதுபோல.

தடையைக் கிங் மதித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு பழைய கதைகள்.

முதலாவது, அதற்கு முந்தைய கோடையில் ஜார்ஜியாவின் ஆல்பனியில் நடந்தது. கூட்டாட்சி நீதிபதி ஒருவர் ஊர்வலத்துக்குத் தடை போட்டார். கிங் மதித்து ஒதுங்கினார். மேல் நீதிமன்றம் சில நாளில் தடையை நீக்கியது. ஆனால் அதற்குள் போராட்டத்தின் சூடு குறைந்துவிட்டது. இரண்டாவது அலபாமாவிலேயே. 1956 ஜூனில் மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்புக்கு எதிராக, இதேபோல் எதிர்த்தரப்பைக் கேட்காமல், ஒரு தடை வாங்கியது. அந்த அமைப்பு உத்தரவை முறைப்படி எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றத்துக்கு நாலு தடவை போய் வந்தது. அலபாமாவில் மறுபடி இயங்க அனுமதி கிடைத்தது 1964-இல். எட்டு வருடம்! அந்தத் தடையால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பத்தான் ஷட்டில்ஸ்வர்த் 1956-இல் தன் இயக்கத்தையே தொடங்கினார். ‘முதலில் கீழ்ப்படி, பிறகு வழக்காடு’ என்றால் அலபாமாவில் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 11 அன்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களின் தடைகளை இதுவரை மதித்திருக்கிறோம், ஆனால் தெற்கில் சில சக்திகள் இனப் பிரிவினையைக் காப்பாற்ற மாநில நீதிமன்றங்களைக் கருவியாக்குகின்றன, இந்த உத்தரவுக்கு மனசாட்சிப்படி கீழ்ப்படிய முடியாது என்பது அறிவிப்பின் சாரம். சட்டம் ஒழுங்கு என்ற போர்வையில் நடக்கும் அப்பட்டமான கொடுங்கோன்மை என்றும் அதில் இருந்தது. பின்னாளில் இந்த அறிவிப்பையே அவர்களுக்கு எதிரான சாட்சியமாக வைத்தார்கள்.

நாலு தெரு

ஏப்ரல் 12, புனித வெள்ளி. காலையில் மோட்டலின் 30-ஆம் எண் அறையில் கூடியபோது கையில் ஜாமீனுக்குப் பணம் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை எடுப்பதற்கே வழியில்லாதபோது கிங் சிறைக்குப் போனால் நிதி திரட்டுவது யார் என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். கிங் பக்கத்து அறைக்குப் போய் டெனிம் வேலைக்கார உடுப்பில் திரும்பி வந்தார். பதில் அதுதான். (பின்னால் இதே பலவீனத்தில் அரசும் கைவைத்தது. சிறு குற்றங்களுக்கான மேல்முறையீட்டு ஜாமீன் தொகையின் உச்சவரம்பை, பர்மிங்ஹாமுக்கு மட்டும், 300 டாலரிலிருந்து 2,500 டாலராக மாநில சட்டமன்றம் உயர்த்தியது.)

அன்று பிற்பகல் நடந்ததை உச்ச நீதிமன்றமே பின்னர் விவரித்திருக்கிறது. தேவாலயத்திலிருந்து 52 பேர் வெளியே வந்தார்கள். பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக, நடைபாதையிலேயே நடந்தார்கள். சிக்னலில் நின்றார்கள். எதிரே வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லை, வண்டிகள் தடைபடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கொஞ்ச தூரத்தில் பின்தொடர்ந்தது. நாலு தெரு தாண்டியதும் போலீஸ் நிறுத்திக் கைது செய்தது. கிங், ஷட்டில்ஸ்வர்த், கிங்கின் நெருங்கிய சகா ரால்ஃப் அபர்நாதி எல்லோரும் உள்ளே. அந்தச் சிறையில்தான் கிங் செய்தித்தாள் ஓரங்களில் தன் புகழ்பெற்ற கடிதத்தை எழுதத் தொடங்கினார். ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கும் சட்டம் தன்னளவில் தப்பில்லை, பிரிவினையைக் காக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் அநீதியாகிறது என்று அதிலேயே ஒரு இடம் வரும்.

ஈஸ்டர் ஞாயிறன்று இன்னொரு ஊர்வலம். நடந்தவர்கள் சுமார் 50 பேர்தான், ஆனால் அங்கே 1,500 முதல் 2,000 பேர் வரை திரண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் கல்லெறிந்ததில் ஒரு பத்திரிகையாளருக்குக் காயம், ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிளுக்குச் சேதம். இதை மறைக்க வேண்டியதில்லை. நகரத் தரப்பு வாதத்துக்கு அது பயன்பட்டது.

ஏப்ரல் 22-இல் ஜென்கின்ஸ் முன் அவமதிப்பு வழக்கு. சட்டம் செல்லாது, உத்தரவு செல்லாது, அனுமதி கேட்டும் தரவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அதெல்லாம் இங்கே தேவையில்லை என்றார் நீதிபதி. ஆளுக்கு 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம்.

மே மாதத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். மே 2-இல் பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாக 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து வெளியே வந்தார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கைது. சிறை நிரம்பிப் பொருட்காட்சித் திடலில் அடைத்தார்கள். மறுநாள் நாய்களும் தண்ணீர்க் குழாய்களும். மே 10-இல் வியாபாரிகளோடு உடன்பாடு. கலந்துகொண்ட 1,081 மாணவர்களைப் பள்ளியை விட்டு நீக்குவதாகக் கல்வி வாரியம் மே 20-இல் உத்தரவிட, இரண்டே நாளில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதைத் தடுத்து நிறுத்தினார். மே 23-இல் அலபாமா உச்ச நீதிமன்றம் கானரையும் மற்ற இரு ஆணையர்களையும் வெளியே போகச் சொன்னது. அடுத்த வருடம் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. தெருவில் ஜெயித்தாகிவிட்டது. நீதிமன்றத்தில் கதை அப்போதுதான் ஆரம்பம்.

1967: உத்தரவு பெரிது

அவமதிப்பு வழக்கில் தண்டனை பெற்ற எட்டு போதகர்களின் மேல்முறையீடு, அவர்களில் ஒருவரான வயட் டீ வாக்கர் பெயரில், உச்ச நீதிமன்றத்தில் 1967 ஜூன் 12 அன்று முடிவுக்கு வந்தது. ஐந்துக்கு நாலு. போதகர்கள் தோற்றார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பாட்டர் ஸ்டூவர்ட். 1159-ஆம் பிரிவின் வாசகத்தில் சிக்கல் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. உத்தரவு அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்பதையும் சந்தேகமாகவே பார்க்கிறார். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அலபாமா நீதிமன்றம், தெரு அல்ல என்கிறார். தன் வழக்கில் தானே நீதிபதியாக யாருக்கும் உரிமை கிடையாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும். தடையை நீக்கக் கேட்டு, அலபாமா நீதிமன்றங்கள் இழுத்தடித்திருந்தால் கதை வேறு என்றும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் நீதிமன்ற உத்தரவை மீறுவோம் என்று கொக்கரித்தவர்கள் முக்கியமாக வெள்ளை ஆதிக்க ஆளுநர்கள். லிட்டில் ராக் பள்ளியிலும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவை அமல்படுத்த ராணுவம் போக வேண்டியிருந்தது. போதகருக்கு ஒரு நீதி, ஆளுநருக்கு ஒரு நீதி என்று எப்படிச் சொல்வது? இந்தக் கவலை பொய்யானதல்ல.

ஆனாலும் ஒப்பீடு இடறுகிறது. அந்த ஆளுநர்கள் மீறியது இரு தரப்பையும் கேட்டு, வழக்கு நடத்திப் பிறப்பித்த உத்தரவுகளை. பர்மிங்ஹாமில் ஒரு தரப்பு மட்டும் ராத்திரி போய் வாங்கி வந்தது. கையில் இருந்தது இரண்டு நாள். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நால்வர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், வில்லியம் டக்ளஸ், வில்லியம் பிரென்னன், ஏப் ஃபோர்டஸ். அவர்கள் பிடித்த இடமும் இதுதான். செல்லாத சட்டத்தின் வாசகத்தை எடுத்து உத்தரவில் ஒட்டிவிட்டால் அரசியல் சாசனத்தின் காவலையே தாண்டிவிடலாம் என்றாகிறதே! கலவரம் பற்றிய பயமும் ‘கறுப்பர் அதிகாரம்’ போன்ற கோஷங்களும் நீதிமன்றத்தின் கவனத்தைத் திருப்பக்கூடாது என்று பிரென்னன் எழுதினார். அந்த ஒரு வரியில் 1967-இன் காற்று அடிக்கிறது. 1963 புனித வெள்ளியில் 52 பேர் நடைபாதையில் நடந்ததை, 1965 கலவரத்தில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி எரிந்ததைப் பார்த்துவிட்ட கண்கள் 1967-இல் தீர்மானித்தன.

அக்டோபர் இறுதியில் கிங், அவர் தம்பி ஏ.டி. கிங், அபர்நாதி, வாக்கர் நால்வரும் தண்டனையைக் கழிக்க அலபாமா சிறைக்குத் திரும்பினார்கள். நோபல் பரிசு வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

1969: அதே நடை, மறு தீர்ப்பு

அவமதிப்பு வழக்கு போக, ஷட்டில்ஸ்வர்த் மேல் 1159-ஆம் பிரிவை மீறியதற்காகவே தனி வழக்கு ஒன்று இருந்தது. அதே வெள்ளிக்கிழமை, அதே நாலு தெரு. தண்டனை 90 நாள் கடின உழைப்புச் சிறை. 75 டாலர் அபராதமும் 24 டாலர் வழக்குச் செலவும் கட்டாவிட்டால் இன்னும் 48 நாள். அலபாமாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965-இல், ஆச்சரியமாக, அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1967-இல் அதைப் புரட்டியது. எப்படி என்றால், 1159-ஆம் பிரிவுக்கு ஒரு புது விளக்கம் எழுதி. ஒழுக்கம், கண்ணியம் எல்லாம் ஆணையம் பார்க்காது, போக்குவரத்து வசதியை மட்டுமே பார்க்கும் என்றுதான் அந்தப் பிரிவைப் படிக்க வேண்டுமாம்.

1969 மார்ச் 10-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஒரு நீதிபதிகூட எதிர்த்து எழுதவில்லை. தீர்ப்பை எழுதியவர் மறுபடியும் அதே பாட்டர் ஸ்டூவர்ட். சட்டத்தின் முகத்துக்கு அலபாமா நீதிமன்றம் பிளாஸ்டிக் சர்ஜரி செய்திருக்கிறது என்று குத்திக் காட்டினார். நாலு வருடம் கழித்து வரப்போகும் விளக்கத்தை 1963-இலேயே ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தொனியில் எழுதினார். லோலா ஹென்ட்ரிக்ஸுக்குக் கானர் சொன்ன பதிலும் அந்தத் தந்தியும் இந்த முறை எடுபட்டன: எந்தச் சூழ்நிலையிலும் இவர்களுக்கு அனுமதி கிடையாது என்று நிர்வாகம் தெளிவாக்கிவிட்டதாக நீதிமன்றம் ஏற்றது. தெளிவான அளவுகோல் இல்லாமல் அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டுவிடும் இத்தகைய அனுமதிச் சட்டத்தை ஒருவர் அலட்சியம் செய்து தன் உரிமையைப் பயன்படுத்தலாம், தண்டிக்க முடியாது.

அதாவது, நடந்தது குற்றமில்லை. நடக்காதே என்று சொன்ன பிறகு நடந்தது குற்றம். இரண்டும் ஒரே நடை. ஷட்டில்ஸ்வர்த் ஒருவரே ஒன்றில் குற்றவாளி, மற்றதில் நிரபராதி. எழுதிய பேனாவும் ஒன்று. முதல் தீர்ப்பை இரண்டாவது தீர்ப்பு ரத்து செய்யவும் இல்லை. இரண்டும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கிங் இரண்டாவதைப் பார்க்கவில்லை. 1968 ஏப்ரலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அனுமதியே கேட்கக்கூடாதா என்றால், அப்படி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 1941-லேயே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஊர்வலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. எந்த நேரம், எந்த இடம், எந்த விதம் என்பதை மட்டும் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுமதி தந்தால் சரி. இரண்டு ஊர்வலம் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளக்கூடாதல்லவா? சிக்கல் ‘கருதினால்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1972-இல் அகமதாபாத் வழக்கில், ஹிம்மத்லால் ஷா வழக்கு என்பார்கள், இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. தெருவில் மாணவர் கூட்டம் நடத்த அனுமதி மறுத்த போலீஸ் கமிஷனரின் விதி, எதைப் பார்த்து மறுக்கலாம் என்று ஒன்றும் சொல்லாததால் செல்லாது என்றது. கட்டுப்படுத்தலாம், வாயை அடைக்கக்கூடாது. தீர்ப்பு வந்து ஐம்பது வருடம் தாண்டியும், நம் ஊர்களில் கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மறுப்புக் கடிதம் வருவதும், மறுநாள் லஞ்ச் மோஷன் என்ற அவசர மனுவோடு வக்கீல்கள் ஓடுவதும் நிற்கவில்லை. கடிதத்தின் தேதியைப் பார்த்தாலே மறுப்பின் நோக்கம் பாதி புரிந்துவிடும்.

பிறகு யாருக்குப் பயன்பட்டது

ராத்திரியோடு ராத்திரியாகத் தடை வாங்கும் வித்தைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்றரை வருடத்துக்குள்ளேயே ஓரளவு பூட்டுப் போட்டது. 1966 ஆகஸ்டில் மேரிலாந்தின் பிரின்சஸ் ஆன் என்ற சிற்றூரில் ஒரு கட்சி பொதுக்கூட்டம் நடத்தியது. மறுநாளும் கூட்டம் என்று அறிவித்தது. அதிகாரிகள், எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே, 10 நாள் தடை வாங்கினார்கள். கட்சி கீழ்ப்படிந்தது, கூட்டத்தை விட்டது, வழக்காடியது. 1968 நவம்பரில் ஜெயித்தது: சொல்லியனுப்ப முயற்சிகூடச் செய்யாமல் வாங்கிய தடை செல்லாது. ஸ்டூவர்ட் சொன்ன வழியில் போய் ஜெயித்த வழக்கு என்றுகூடச் சொல்லலாம், இரண்டேகால் வருடம் தாமதமாக. அந்தக் கட்சி, தேசிய மாநில உரிமைக் கட்சி என்ற வெள்ளை இனவாதக் கட்சி.

ஷட்டில்ஸ்வர்த்தின் வழக்கு அதைவிட விசித்திரமான இடத்துக்குப் போனது. 1987 ஜனவரியில் ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் கிங்கின் பழைய சகா ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சுமார் 90 பேர் இனவெறிக்கு எதிராக ஊர்வலம் போய் அடி வாங்கினார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரும்ப வந்து நடந்தார்கள். பாதுகாப்புச் செலவு கவுண்டியைத் திணறடித்தது. அதற்குப் பிறகு அனுமதிக்கு ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வைத்து, எவ்வளவு என்பதை நிர்வாகியே முடிவு செய்யும் சட்டம் ஒன்றை அங்கே கொண்டுவந்தார்கள். தேசியவாத இயக்கம் என்ற வெள்ளை ஆதிக்க அமைப்பு அங்கே கூட்டம் போட அனுமதி கேட்டது. 100 டாலர் கட்டச் சொன்னார்கள். கட்டாமல் வழக்குப் போட்டது. 1992-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதற்கு எடுத்துக்காட்டிய முன்னுதாரணங்களில் ஒன்று ஷட்டில்ஸ்வர்த் எதிர் பர்மிங்ஹாம். அந்த அமைப்பு கூட்டம் போட நினைத்தது எதை எதிர்த்து தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கியதை எதிர்த்து.